மீட்டர் பார்க்க வருபவருக்குக் கதவைத் திறப்பது பற்றி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர் பொறுப்பு என்னிடம் வந்த நாள் முதல், தண்ணீர் லாரிக்கு அடுத்தபடியாக என்னிடம் அதிகம் விசாரிக்கப்பட்டது மின் கணக்கெடுக்க வருபவரைப் பற்றித்தான். அவரை வீட்டுக்குள் விடலாமா, விடாவிட்டால் என்ன ஆகும், வந்தவர் உண்மையில் அவர்தானா என்று படிக்கட்டிலும் மளிகைக் கடையிலும் ஒரே ஐயங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டபின், பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது. இவை தமிழ்நாட்டு வீட்டு மின் இணைப்புகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கொடுத்திருக்கிறேன்.

மீட்டர் பார்க்க வருகிறவரும் லைன்மேனும் ஒரே ஆள்தானா?

இல்லை. மீட்டரில் ஓடியிருக்கும் அளவைக் குறித்துக்கொள்ள வருபவரின் பதவிப் பெயர் கணக்கீட்டாளர். கம்பி அறுந்தாலோ மின்கம்பத்தில் தீப்பொறி பறந்தாலோ வருகிற கம்பியாளரும் கள உதவியாளரும் பராமரிப்புப் பிரிவைச் சேர்ந்தவர்கள். இரு தரப்பினரும் ஒரே பிரிவு அலுவலகத்தின் கீழ் இருப்பதால் நாம் எல்லோரையும் ‘ஈ.பி.காரர்’ என்றே அழைத்துப் பழகிவிட்டோம். கணக்கீட்டாளருக்குத் தேவையானது ஒரு கைபேசியோ கையடக்கக் கருவியோ மட்டுமே. கட்டிங் பிளேயரும் திருப்புளியும் கையுமாக ஒருவர் வந்து ‘ரீடிங் எடுக்க வந்தேன்’ என்றால், எதற்காக என்று ஒரு முறை கேட்டுவிடுவது நல்லது.

நிறுவனத்தின் பெயரைப் பற்றியும் சிலர் குழம்புகிறார்கள். 1957-இல் தொடங்கிய தமிழ்நாடு மின்சார வாரியம் 2010-இல் பிரிக்கப்பட்டது. 2024-இல் மீண்டும் பிரிக்கப்பட்டு, வீடுகளுக்கு மின்சாரம் தருகிற நிறுவனம் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் என்றானது. அடையாள அட்டையில் பழைய பெயர் இருந்தால் அதை மட்டும் வைத்து யாரையும் ஐயுற வேண்டாம். பேச்சில் இன்றைக்கும் அது மின்வாரியம்தான். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

எப்போது வருவார் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?

பெரும்பாலும் முடியும். வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதங்களுக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறார்கள். ஒரு பகுதிக்கு ஒற்றைப்படை மாதங்கள் என்றால் அடுத்த பகுதிக்கு இரட்டைப்படை மாதங்கள். அந்த மாதத்திலும் ஒவ்வொரு தெருவுக்கும் ஏறக்குறைய நிலையான ஒரு தேதி உண்டு. ரீடிங் குறித்துவந்த பழைய வெள்ளை அட்டையிலோ முந்தைய ரசீதுகளிலோ உள்ள மூன்று நான்கு தேதிகளைப் பார்த்தால், அடுத்த வருகையை ஓரிரு நாள் முன்பின்னாகச் சொல்லிவிடலாம். நான் அந்தத் தேதியை நாட்காட்டியில் பால் கணக்குக்குப் பக்கத்தில் குறித்துவைத்திருக்கிறேன்.

அவரை உள்ளே விட்டே ஆக வேண்டுமா? என் வீடு, என் விருப்பம் இல்லையா?

வீடு உங்களுடையது, மீட்டர் வாரியத்துடையது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 163-ஆம் பிரிவு, மின்சாரம் வழங்கும் நிறுவனத்தால் முறையாக அதிகாரம் அளிக்கப்பட்டவர், நியாயமான நேரத்தில், குடியிருப்பவரிடம் தாம் வந்த நோக்கத்தைத் தெரிவித்துவிட்டு, மின்சாரம் வழங்கப்படும் இடத்துக்குள் நுழையலாம் என்கிறது. எவ்வளவு மின்சாரம் செலவாகியிருக்கிறது என்று அறிந்துகொள்வது அதற்கான நோக்கங்களில் ஒன்றாக அந்தப் பிரிவிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. ஆகவே, சரியான ஆள் சரியான நேரத்தில் சொல்லிவிட்டு வந்தால் வழிவிடத்தான் வேண்டும்.

அந்த வாக்கியத்திலுள்ள மூன்று நிபந்தனைகளும் நமக்காக வைக்கப்பட்டவை. அதிகாரம் உள்ளவரா என்று கேட்கலாம். இரவு ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டினால் நாளைக்கு வரச் சொல்லலாம். சொல்லாமல் கொள்ளாமல் கேட்டைத் திறந்துகொண்டு ஒருவர் நடையில் நின்றால், அப்படி வரக் கூடாது என்று சொல்லலாம். இதையெல்லாம் கேட்பது அவமரியாதை ஆகிவிடுமோ என்று தயங்குபவர்கள் உண்டு. என் அனுபவத்தில், பணியில் உள்ள கணக்கீட்டாளர்கள் யாரும் இதற்குக் கோபித்துக்கொண்டதில்லை.

வந்தவர் உண்மையான ஆள்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் புகைப்படத்துடன் கூடிய அடையாள அட்டையைக் கேளுங்கள். கம்பிக் கதவைத் திறக்காமலே அதைப் பார்க்க முடியும். ஆனால் அட்டையை மட்டுமே நம்ப வேண்டாம்; இன்றைக்கு அட்டை அச்சடிப்பது மிக எளிது. அட்டையைவிட உறுதியான சோதனை ஒன்று உண்டு. உங்கள் மின் இணைப்பு எண் என்ன, சென்ற முறை எடுத்த ரீடிங் எவ்வளவு என்று அவரிடம் கேளுங்கள். கணக்கெடுக்க வந்தவரின் கருவியில் அவை இரண்டும் இருக்கும். மண்டலக் குறியீட்டையும் சேர்த்தால் பன்னிரண்டு இலக்கம் கொண்ட அந்த எண்ணை அவரே படித்துச் சொல்லிவிடுவார். நீங்களாக எண்ணைச் சொல்லிவிட்டு ‘சரிதானே’ என்று கேட்டால் அது சோதனையாகாது.

அதற்குப் பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால் பிரிவு அலுவலகத்துக்கோ, மின்வாரியத்தின் மின்னகம் சேவை மையத்தின் 94987 94987 என்ற எண்ணுக்கோ அழைத்து, இன்றைக்கு இந்தத் தெருவில் கணக்கெடுப்பு உண்டா என்று விசாரிக்கலாம். வந்தவர் கொடுக்கிற கைபேசி எண்ணுக்கு மட்டும் அழைக்காதீர்கள்.

சரியான ஆள்தான். அவர் வீட்டுக்குள் எதுவரை வரலாம்?

மீட்டர் வரை. மீட்டர் வாசல் திண்ணைக்கு மேலே இருந்தால் திண்ணை வரை. பழைய வீடுகளில் இருப்பதுபோல் ரேழியில் இருந்தால் ரேழி வரை. அறைகளில் எத்தனை ஏ.சி. இருக்கிறது, கிணற்று மோட்டார் எத்தனை குதிரைத் திறன் என்றெல்லாம் எண்ணிப் பார்ப்பது கணக்கீட்டாளரின் அன்றைய வேலையில் சேராது.

மேலே சொன்ன அதே 163-ஆம் பிரிவு இந்த வேறுபாட்டைத் தெளிவாகவே வைத்திருக்கிறது. வாரியத்துக்குச் சொந்தமான கம்பி, மீட்டர் ஆகியவற்றைப் பார்ப்பதற்குச் சொல்லிவிட்டு வந்தால் போதும். நமக்குச் சொந்தமான வயரிங்கையும் சாதனங்களையும் அந்தப் பிரிவின் கீழ் சோதிக்க வேண்டுமானால், நிர்வாக நடுவரின் (எக்ஸிகியூட்டிவ் மாஜிஸ்திரேட்) தனி ஆணை வேண்டும். அதோடு 24 மணி நேரத்துக்குக் குறையாத எழுத்து அறிவிப்பும் தர வேண்டும். திருட்டு, முறைகேடு என்ற ஐயத்தில் நடக்கும் சோதனை வேறு வகை; அதைப் பின்னால் ஒரு கேள்வியில் சொல்கிறேன்.

அம்மா பகலில் தனியாக இருக்கிறார். எண்பது வயது. அவர் யாரையும் திறந்து விட வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். தவறா?

தவறே இல்லை. சட்டம் வழிவிடச் சொல்கிறதே தவிர, தனியாக இருக்கும் ஒரு மூதாட்டி அந்த நொடியிலேயே தாழ்ப்பாளை நீக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ‘பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள், அவர்கள் வந்ததும் திறக்கிறேன்’ என்று அம்மா சொல்லலாம். தெருவில் மற்ற வீடுகளை முடித்துவிட்டுத் திரும்பி வரச் சொன்னாலும் பெரும்பாலும் வந்துவிடுவார்கள்.

எங்கள் குடியிருப்பில் இதற்கு ஓர் ஏற்பாடு செய்தோம். கணக்கெடுப்பு நாளன்று காவலாளி அவரை அழைத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறார். முதியவர்கள் தனியாக உள்ள வீடுகளின் பட்டியல் அவரிடம் இருக்கிறது. தனி வீடுகள் உள்ள தெருவாக இருந்தால், பகலில் வீட்டில் இருக்கும் இரண்டு மூன்று பேர் முறைவைத்துக்கொண்டு இதைச் செய்யலாம். அம்மாவுக்கு இன்னும் ஒன்று சொல்லிவையுங்கள்: தண்ணீர் கேட்டால் கொடுக்கலாம், ஆனால் அதை எடுக்க உள்ளே போகும்போது கதவைச் சாத்திவிட்டுத்தான் போக வேண்டும். நம் வீடுகளில் உபசாரம் என்றால் கதவு தானாகவே திறந்துகொள்கிறது. ஏமாற்ற வருகிறவர்களுக்கும் அது தெரியும்.

நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம். கேட் பூட்டியே இருக்கும். ரீடிங் எடுக்காவிட்டால் என்ன செய்வார்கள்?

கதவு பூட்டியிருந்தது என்று குறித்துக்கொண்டு, முந்தைய கணக்கெடுப்புக் காலத்தின் அளவை வைத்து ஒரு தற்காலிகக் கட்டணப் பட்டியல் (பில்) போடுவார்கள். தமிழ்நாடு மின் வழங்கல் விதித்தொகுப்பு இதற்கு இடமளிக்கிறது. ஆனால் தொடர்ச்சியாக இரண்டு சுற்றுகளுக்கு மேல் இப்படிப் போடக் கூடாது என்றும், ஒரு நிதியாண்டில் இரண்டுக்கு மேல் ஆகக் கூடாது என்றும் வரம்பு வைத்திருக்கிறது. பிறகு உண்மையான ரீடிங் கிடைக்கும்போது கூடுதலாகவோ குறைவாகவோ கட்டியதைச் சரிசெய்துகொள்ள வேண்டும். அதற்கு மேலும் மீட்டரை அணுக முடியாவிட்டால், குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட நேரத்தில் திறந்துவைக்கும்படி 24 மணி நேர அறிவிப்பு வரும்.

தற்காலிகப் பட்டியல்தானே என்று விட்டுவிடுவதில்தான் சிக்கல் இருக்கிறது. அதற்கு அடுத்த கேள்வியைப் படியுங்கள்.

ரீடிங் தள்ளிப்போனால் எனக்கு என்ன நட்டம்? ஓடிய யூனிட் ஓடியதுதானே?

யூனிட் அதுவேதான், ஆனால் அதன் விலை அதுவேயாக இருக்காது. நம் மின் கட்டணம் அடுக்கடுக்காக ஏறுகிற ஒன்று. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் போகப் போக ஒவ்வொரு அடுக்கிலும் யூனிட் விலை கூடும். 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த குறைந்த விலையும் போய்விடும்.

2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த விகிதத்தை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். அதன் பிறகு விகிதங்கள் மாறினாலும் கணக்குப் போடும் முறை இதுதான். 500 யூனிட் ஓடியிருந்தால் கட்டணம் 1,725 ரூபாய். 501 யூனிட் என்றால் 1,958 ரூபாய். அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! ஆகவே 490-இல் எடுத்திருக்க வேண்டிய ரீடிங், வீடு பூட்டியிருந்ததால் மூன்று நாள் கழித்து 510-இல் எடுக்கப்பட்டால், நட்டம் இருபது யூனிட்டோடு நிற்பதில்லை.

நான்கு மாதங்களுக்குச் சேர்த்து ரீடிங் எடுக்கும்போது இது இன்னும் பெரிதாகும். நான்கு மாதத்தில் மொத்தம் 900 யூனிட் ஓடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 450, 450 என்று இரண்டு சுற்றாகப் பிரித்தால் அதே விகிதத்தில் 1,425 ரூபாய் வீதம் 2,850 ரூபாய். பிரிக்காமல் ஒரே சுற்றில் 900 யூனிட் என்று போட்டால் 5,550 ரூபாய். பூட்டிய வீட்டுக்குப் பிறகு வரும் முதல் பட்டியலில், அளவு இரண்டு சுற்றுகளுக்கும் பிரிக்கப்பட்டிருக்கிறதா, இரண்டு சுற்றுக்கும் 100 யூனிட் இலவசம் கழிக்கப்பட்டிருக்கிறதா, தற்காலிகமாகக் கட்டிய தொகை வரவு வைக்கப்பட்டிருக்கிறதா என்று மூன்றையும் பாருங்கள். இல்லையென்றால் பணம் கட்டுவதற்கு முன்பே பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். கதவைத் திறப்பதை நான் இவ்வளவு வலியுறுத்துவது மின்வாரியத்தின் மீதுள்ள பாசத்தால் அன்று; இந்தக் கணக்கால்தான்.

நாங்களே மீட்டரைப் படம் எடுத்து அனுப்பினால் ஏற்க மாட்டார்களா?

ஏற்றுக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. 2021 மே மாதப் பொதுமுடக்கத்தின்போது, கணக்கீட்டாளர்கள் வீடுகளுக்கு வர இயலாததால், நுகர்வோரே ரீடிங்கைப் படம் எடுத்து வாட்ஸ்அப் வழியாக அனுப்பலாம் என்று அறிவித்தார்கள். அது நெருக்கடி கால ஏற்பாடு. வழக்கமான நாட்களில் நேரில் எடுக்கும் ரீடிங்குக்குப் பதிலாக அதை வைத்துக்கொள்ள முடியாது.

ஆயினும் படம் எடுப்பதை விட்டுவிடாதீர்கள். கணக்கெடுப்பு நாளில் தேதி தெரியும்படி மீட்டரைப் படம் எடுத்து வைத்திருப்பவரின் புகாருக்கும், ‘எனக்கு இவ்வளவு ஓடியிருக்காது’ என்று வாய்மொழியாகச் சொல்பவரின் புகாருக்கும் அலுவலகத்தில் கிடைக்கிற மரியாதை ஒன்றாக இருக்காது.

மீட்டரில் நிறைய எண் மாறி மாறி வருகிறது. எது ரீடிங்?

தேதி, நேரம், மின்னழுத்தம், அதிகபட்சத் தேவை என்று திரை ஒவ்வொன்றாக மாறும். பக்கத்தில் கே.டபிள்யூ.எச். (kWh) என்று வருகிற, நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகிற எண்தான் ரீடிங். அதிலிருந்து சென்ற முறை எண்ணைக் கழித்தால் செலவான யூனிட். சில மீட்டர்களில் கே.வி.ஏ.எச். (kVAh) என்று இன்னோர் எண்ணும் வரும்; அது ரீடிங்குக்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருக்கும். ஒரு முறை நான் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, கணக்கீட்டாளர் குறைவாக எழுதிவிட்டதாக அவரோடு வாசலில் நின்று வாதாடினேன். எனக்கு இலாபமான தவறைத் திருத்தச் சொல்லி வாதாடிய ஆளை அவர் முதன்முறையாகப் பார்த்திருப்பார். தவறு என்னுடையதுதான்.

மீட்டர் வேகமாக ஓடுகிறதோ என்ற ஐயம் இருந்தால் இரண்டு எளிய சோதனைகள் உண்டு. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பாருங்கள். மீட்டரிலுள்ள சிவப்பு விளக்கு கண்சிமிட்டக் கூடாது. பிறகு மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, 1000 வாட் ஹீட்டர் ராடை மட்டும் வாளித் தண்ணீரில் போட்டு இயக்குங்கள். மீட்டரின் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்று அச்சிட்டிருந்தால், விளக்கு ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 53 முறை சிமிட்ட வேண்டும். பெருமளவு வேறுபட்டால், உரிய கட்டணம் செலுத்தி மீட்டரைச் சோதிக்கும்படி எழுத்தில் கேட்கலாம். சோதனை நடக்கும்போது வாளிக்குள் கையை விடாதீர்கள் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

நான் வாடகைக்கு இருக்கிறேன். மீட்டர் வீட்டுக்காரர் பூட்டி வைத்திருக்கும் பகுதியில் இருக்கிறது. யார் பொறுப்பு?

நுழைவதைப் பற்றிய சட்டம் குடியிருப்பவரிடம் தெரிவிக்கச் சொல்கிறது. இணைப்போ வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். இருவருக்கும் நடுவில் பூட்டு இருந்தால், பூட்டிய வீட்டுக்குச் சொன்ன விளைவுகள் எல்லாம், பட்டியலைக் கட்டுகிறவர் என்ற முறையில், உங்கள் தலையில்தான் விழும். வீட்டுக்காரரிடம் ஒரு சாவி கேளுங்கள். தரத் தயங்கினால் கணக்கெடுப்புத் தேதிகளைக் குறித்து, அன்றைக்குத் திறந்துவைக்கும்படி வாட்ஸ்அப்பிலாவது எழுதிக் கேளுங்கள். வாடகை ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்துக்கொள்வது இன்னும் நல்லது.

நாய் இருக்கிறது. கடிக்காது, குரைக்க மட்டும்தான் செய்யும்.

அதைக் கணக்கீட்டாளர் எப்படி நம்புவார்? கட்டிப்போடுங்கள், அல்லது ஓர் அறையில் அடைத்துவையுங்கள். அவிழ்த்துவிட்ட நாய் நிற்கும் வாசலும் பூட்டிய வாசலும் அவருக்கு ஒன்றுதான்.

மீட்டர் ஹாலுக்குள் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் உள்ளே விடுவது சங்கடமாக இருக்கிறது. வெளியே மாற்ற முடியுமா?

முடியும், மேலே கேட்ட பாதிக் கேள்விகளுக்கு அதுவே நிரந்தரத் தீர்வும்கூட. மீட்டர் இடமாற்றத்துக்குப் பிரிவு அலுவலகத்திலோ மின்வாரியத்தின் இணையதளத்திலோ விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்த வேண்டும். மழை படாத, தரைத்தளத்திலுள்ள, கேட்டுக்கு வெளியிலிருந்தோ முன்வாசலிலிருந்தோ எளிதில் பார்க்கக்கூடிய இடமாகத் தேர்ந்தெடுங்கள். புதிய இடத்தில் பலகை, வயரிங், எர்த் ஆகியவற்றை நம் செலவில் உரிமம் பெற்ற மின்பணியாளரை வைத்துத் தயார்செய்ய வேண்டியிருக்கும்.

மீட்டரை அவிழ்த்து மாற்றுவது மட்டும் வாரிய ஊழியரின் கையால்தான் நடக்க வேண்டும். தெரிந்த எலக்ட்ரீஷியன் அரை மணி நேரத்தில் மாற்றித் தருகிறேன் என்பார். சீல் அறுந்துவிட்டால், மின்சாரச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு மீட்டரில் கைவைப்பதற்கு மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனையைப் பேசுகிறது. வெள்ளையடிக்கும்போதோ வேறு வேலையின்போதோ சீல் தற்செயலாக அறுந்திருந்தால், அடுத்த கணக்கெடுப்பு வரை காத்திருக்காமல் அன்றே உதவிப் பொறியாளருக்கு எழுதிக் கொடுத்து, நகலில் கையொப்பமும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

‘மீட்டர் ஓடவில்லை, மாற்ற வேண்டும், பணம் கொடுங்கள்’ என்கிறார். கொடுக்கலாமா?

கையில் கொடுக்காதீர்கள். மீட்டர் பழுதாவது நடக்கக்கூடியதுதான். அந்தக் காலத்துக்கு முந்தைய நான்கு மாதங்களின் சராசரியை வைத்துக் கணக்கிட விதியில் வழி இருக்கிறது. மீட்டரை மாற்றுவதற்கு அலுவலக நடைமுறை இருக்கிறது. கட்டணம் ஏதேனும் இருந்தால் அது அலுவலகக் கவுன்டரிலோ இணையத்திலோ கட்டி ரசீது பெறுகிற தொகையாகத்தான் இருக்கும். வாசலில் நின்று பணம் கேட்பவர் போலி என்றால் அது ஏமாற்று. உண்மையான ஊழியர் என்றால் அது இலஞ்சம். பின்னதற்கு ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறை இருக்கிறது. பண்டிகைக்கு விருப்பப்பட்டு ஏதாவது கொடுப்பது அவரவர் மனம். ஆனால் கொடுக்காததால் ரீடிங் மாறாது, கொடுத்ததால் குறையவும் கூடாது.

பறக்கும் படை என்று நாலைந்து பேர் வந்தால் அவர்களையும் மீட்டரோடு நிறுத்திவிடலாமா?

முடியாது. மேலே எதுவரை வரலாம் என்று சொன்னது வழக்கமான கணக்கெடுப்புக்கு. மின் திருட்டு நடக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால், 135-ஆம் பிரிவின்படி அதிகாரம் பெற்ற அலுவலர் உள்ளே நுழையலாம், தேடலாம், தேவைப்பட்டால் பூட்டை உடைக்கலாம், பொருள்களைக் கைப்பற்றலாம். அதே பிரிவு நமக்கும் சில பாதுகாப்புகளைத் தருகிறது. சோதனை முடியும் வரை குடியிருப்பவரோ அவர் சார்பில் ஒருவரோ உடனிருக்க வேண்டும். கைப்பற்றிய பொருள்களுக்குப் பட்டியல் எழுதி அவரிடம் தர வேண்டும். அதில் அவர் கையொப்பமிட வேண்டும். படித்துப் பார்க்காமல் கையொப்பமிடாதீர்கள்.

சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் வீடுகளில் இத்தகைய சோதனை நடத்துவதாக இருந்தால், அங்கே குடியிருக்கும் வயதுவந்த ஆண் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. பெண்கள் மட்டுமே உள்ள வீட்டில் இரவுச் சோதனை கூடாது என்பதுதான் இதன் நடைமுறைப் பொருள். வீட்டின் பொறுப்பாளர் ஆணாகத்தான் இருப்பார் என்ற எண்ணம் அந்த வாசகத்தில் தெரிகிறது என்பது என் கருத்து. ஆனாலும் இன்றைக்கு அது பெண்களுக்குப் பயன்படுகிற வாசகம், ஆகவே தெரிந்துவைத்திருங்கள்.

கோபத்தில் ஒரு முறை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டேன். ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்களா?

அன்றைக்கே பிடுங்க முடியாது. நுழைய அனுமதி மறுக்கப்பட்டால், எழுத்தில் அறிவிப்பு கொடுத்து, 24 மணி நேரம் கழிந்த பின்புதான் மின்சாரத்தை நிறுத்தலாம் என்று 163-ஆம் பிரிவு சொல்கிறது. மறுப்பு நீடிக்கும் வரைதான் அப்படி நிறுத்திவைக்கலாம், அதற்கு மேல் கூடாது என்றும் அதே வாக்கியத்தில் இருக்கிறது. அறிவிப்பு வந்திருந்தால் உடனே அலுவலகத்துக்குப் போய், எந்த நேரத்துக்கு வரலாம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். அறிவிப்பு வராவிட்டாலும் போய்ச் சொல்லிவிடுவது நல்லது. அடுத்த கணக்கெடுப்பிலும் அதே மனிதர்தான் வருவார்.

உண்மையிலேயே அவர் முறைதவறி நடந்திருந்தால், வாசலை அடைப்பதைவிடப் புகாரே பயன்தரும். உதவிப் பொறியாளரிடம் தொடங்கி, தீராவிட்டால் மின் பகிர்மான வட்டத்தில் உள்ள மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்கும், அங்கும் தீராவிட்டால் மின் குறைதீர்ப்பாளருக்கும் போகலாம். பட்டியல் தொகையைப் பற்றிய சச்சரவுகளுக்கும் இதே வழிதான்.

‘இன்று இரவு உங்கள் மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த எண்ணுக்கு அழைக்கவும்’ என்று குறுஞ்செய்தி வந்தது. ரீடிங் எடுத்தவர் எதையோ தவறாகப் பதிந்துவிட்டாரா?

அது மோசடிக் குறுஞ்செய்தி. பல ஆண்டுகளாகச் சுற்றுகிறது. கட்டணம் கட்டாததற்காக மின்சாரத்தை நிறுத்துவதற்குச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு பதினைந்து நாள் முன்னறிவிப்பு கேட்கிறது. ‘இன்று இரவு’ என்ற சொல்லே பொய் என்பதற்குச் சான்று. அந்த எண்ணுக்கு அழைத்தால் ஒரு செயலியைத் தரவிறக்கச் சொல்லி, பத்து ரூபாய் மட்டும் கட்டச் சொல்லி, வங்கிக் கணக்கைக் காலிசெய்வார்கள். வாசலுக்கு வரும் கணக்கீட்டாளரும் ஓ.டி.பி. எண்ணையோ வங்கி அட்டையையோ கேட்க மாட்டார். 2022 இறுதியில் மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னபின், ‘ஆதார் சரிபார்க்க வந்தேன்’ என்று சொல்பவரை நம்பும் பழக்கம் வந்திருக்கிறது. அவருக்கு அலுவலகத்தின் வழியைக் காட்டுங்கள்.

கேஸ் சோதனைக்கு வருபவர்களுக்கும் இதே விதிதானா?

சட்டம் வேறு, எச்சரிக்கை ஒன்றே. சமையல் எரிவாயு இணைப்பை ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை முகவரின் ஆள் வந்து சோதிப்பது உண்மையான நடைமுறை. அதைச் சாக்காக வைத்து, டியூபும் லைட்டரும் விற்பதற்காக ‘கம்பெனியிலிருந்து வருகிறோம்’ என்று சொல்பவர்களும் வருகிறார்கள். உங்கள் நுகர்வோர் எண்ணைக் கேளுங்கள். முகவரின் அலுவலகத்துக்கு நீங்களே அழைத்து உறுதிசெய்யுங்கள். மீட்டர் பார்ப்பவர் வாசலோடு போய்விடுவார். இவர்கள் அடுப்பங்கரை வரை வருவார்கள் என்பதால் இங்கே கூடுதல் கவனம் வேண்டும். வாயுக் கசிவுக்கு மட்டும் தாமதிக்காமல் 1906-ஐ அழையுங்கள்.

ஸ்மார்ட் மீட்டர் வந்துவிட்டால் யாரும் வீட்டுக்கு வர மாட்டார்கள் அல்லவா?

ரீடிங் எடுக்க வர வேண்டியிருக்காது. ஸ்மார்ட் மீட்டர் தன் அளவைத் தானே அனுப்பிவிடும். சென்னை தியாகராய நகரில் முன்னோடித் திட்டமாக அதைப் பொருத்தினார்கள். ஆனால் அந்த மீட்டரைப் பொருத்தவும், அது அளவை அனுப்பாமல் நின்றுவிட்டால் பார்க்கவும், சீலைச் சரிபார்க்கவும் மனிதர்தான் வருவார். பொருத்த வரும் நாளில் பழைய மீட்டரின் கடைசி ரீடிங்கையும் புதிய மீட்டரின் தொடக்க ரீடிங்கையும் அவர் முன்னிலையிலேயே படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். பழைய மீட்டரை அவர்கள் கழற்றி எடுத்துப்போன பிறகு அந்த எண்ணைத் தெரிந்துகொள்ள உங்களிடம் வேறு வழி இருக்காது.